துயரத்திலும் விடாத பற்று: வித்துவக்கோட்டுத் திருமொழியும் கூரத்தாழ்வானின் அனுஷ்டானமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

அவதாரிகை

குலசேகராழ்வார் அருளிச்செய்த பெருமாள் திருமொழி 105 பாசுரங்களைக் கொண்டது. அதில் ஐந்தாம் திருமொழி, மலைநாட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான திருவித்துவக்கோட்டில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை நோக்கியது. இன்றைய கேரளத்தில், பட்டாம்பிக்கு அருகே, பாரதப்புழையின் கரையில் இத்திவ்யதேசம் உள்ளது. ஆழ்வார்களில் இத்தலத்தை மங்களாசாஸனம் செய்தவர் இவர் ஒருவரே.

இத்திருமொழி எந்த இடத்தில் வருகிறது என்பதை முதலில் நோக்கவேண்டும். இதற்கு முந்தைய நான்காம் திருமொழியில் ஆழ்வார் திருவேங்கடமலையைப் பற்றிப் பேசினார். அரச வாழ்வு வேண்டா, அம்மலையில் ஒரு பறவையாகவோ, சுனையில் ஒரு மீனாகவோ, ஏதேனும் ஒன்றாகவோ இருக்கப்பெற்றால் போதும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டது உடனே கைகூடவில்லை. கேட்டதும் கிடைக்காத அந்நிலையில், ஆழ்வார் வாய் திறந்து சொல்வதே ஐந்தாம் திருமொழி. ஆகவே இது வேண்டியது கிடைத்தவருடைய நன்றிப் பாட்டு அன்று. கிடைக்காமல் காத்திருப்பவருடைய பற்றின் பாட்டு. துயரக் காலத்தில் எம்பெருமானுடைய நன்மையை நம்புவது என்றால் என்ன என்று அறிய விரும்புவார்க்கு இதைவிடப் பொருத்தமான இடம் அருளிச்செயலில் அரிது.

ஒன்பது த்ருஷ்டாந்தங்கள்

பலச்ருதிப் பாசுரத்தை நீக்கினால் எஞ்சும் ஒன்பது பாசுரங்களிலும் ஒவ்வொரு த்ருஷ்டாந்தம் உண்டு. அவற்றைத் தொடராக வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படும்.

முதலில் தாய். பெற்றவள் சினத்தால் குழந்தையை விலக்கித் தள்ளுகிறாள். தள்ளப்பட்ட குழந்தை அடுத்த வீட்டுக்கு ஓடுவதில்லை. தள்ளியவளுடைய அன்பையே நினைந்து அவளுக்காகவே அழுகிறது. இங்கே அறியவேண்டியது ஒன்று உண்டு. குழந்தை அழுகிறது. ஆழ்வார் அந்த அழுகையைக் குறையாகச் சொல்லவில்லை. அதையே தம்முடைய நிலைக்கு உவமையாக எடுத்தார். அழுகை விச்வாஸத்துக்கு விரோதி என்று நாம் நினைப்பது பிழை. யாரை நோக்கி அழுகிறோம் என்பதில்தான் விச்வாஸம் இருக்கிறது.

அடுத்து, கணவன் பிறர் இகழத்தக்கவற்றைச் செய்தாலும் அவனையன்றி வேறொருவரை அறியாத குலமகள். அதன்பின், தங்களைக் கண்ணெடுத்தும் பாராமல் துன்பம் செய்யும் வேந்தனுடைய செங்கோலையே எதிர்பார்த்து வாழும் குடிமக்கள். இதைச் சொன்னவர் தாமே முடிசூடிய சேர வேந்தர் என்பது நினைவிலிருக்கவேண்டும். அரியணையில் இருந்தவர், எம்பெருமான் முன்னே, கவனிக்கப்படாத குடிமகனுடைய இடத்தில் தம்மை வைத்துக்கொண்டார்.

நான்காவது, மருத்துவன். உடலைக் கீறியும் பொசுக்கியும் சிகிச்சை செய்கிற வைத்தியனிடத்தில் நோயாளிக்கு உள்ள அன்பு குறைவதில்லை. வலி உண்மை, அந்த வலி வைத்தியனுடைய கையாலேயே வருகிறது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தக் கை எதற்காக நீள்கிறது என்று நோயாளி அறிவான். துயரம் நம் வினையின் பயனாய் வருவது என்பதும், அதை விலக்கவல்லவன் எம்பெருமான் ஒருவனே என்பதும் நம் ஸம்ப்ரதாயத்தின் நிலை. விலக்கவல்லவன் இப்போது விலக்காமல் இருக்கிறான் என்றால், அதுவும் நம் நன்மையில் கண்ணுடையவனுடைய செயலே என்று ஆழ்வார் கொள்கிறார்.

இந்நான்கிலும் துன்பம், காக்கவேண்டியவருடைய கையாலேயே வருகிறது. ஐந்தாவதில் நிலை மாறுகிறது. நடுக்கடலில் கப்பலின் பாய்மரத்தில் தங்கிய பறவை, கரையைத் தேடி எல்லாத் திசையிலும் பறக்கிறது. எங்கும் நீரே. திரும்பி வந்து அந்தப் பாய்மரத்தின் உச்சியிலேயே அமர்கிறது. கடற்கரை நாட்டை ஆண்டவருடைய கண்ணில் பட்ட உவமை இது. பறவை முயலாமல் இருக்கவில்லை. முயன்று பார்த்தபின் வேறு புகலிடம் இல்லை என்று அறிந்தது. இதையே நம் பெரியோர் அநந்யகதித்வம் என்பர்.

அதற்கடுத்த மூன்றும் இயற்கையின் உவமைகள். நெருப்பே அருகில் வந்து வெம்மை செய்தாலும் தாமரை கதிரவனுக்கன்றி மலராது. வானம் மறந்து பெய்யாதொழிந்த காலத்திலும் பயிர்கள் கருமுகிலையே எதிர்நோக்கி நிற்கும். எங்கெங்கோ பரந்து ஓடினாலும் ஆறுகள் கடலில் புகாமல் வெளியே நிற்கமாட்டா. தாமரைக்கும் பயிருக்கும் ஆற்றுக்கும் இது தீர்மானம் அன்று, இயல்பு. எம்பெருமானைப் பற்றி நிற்பது ஆத்மாவின் ஸ்வரூபமே என்பது இங்கே தேறுகிறது. நம்முடைய மனவலிமையால் நாம் நம்பிக்கையைத் தாங்குகிறோம் என்று எண்ணினால், வலிமை குன்றும் நாளில் அச்சம் வரும். நம்புவது நம் இயல்பு என்று அறிந்தவனுக்கு அந்த அச்சம் இல்லை.

ஒன்பதாவதில் உவமை தலைகீழாகிறது. எம்பெருமானையே வேண்டிச் செல்வத்தை வேண்டாதவன் ஒருவன். அவனையே வேண்டித் தானே தேடி வரும் செல்வம். அச்செல்வத்தைப் போல, நீ என்னை வேண்டாதிருந்தாலும் நான் உன்னையே வேண்டுவேன் என்கிறார் ஆழ்வார். பற்றின் எல்லை இது.

தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது

இந்த ஒன்பது பாசுரங்களையும் ஓதுகிறவர் பலரும் கவனியாமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. ஒன்பதும் தன்மையில் அமைந்தவை. நான் இருக்கிறேன், நான் பார்க்கிறேன், நான் வேண்டுகிறேன் என்று ஆழ்வார் தம்மைக் குறித்தே சொல்கிறார். துன்புறும் மற்றொருவரை முன்னே நிறுத்தி, நீ பொறுத்துக்கொள் என்று அவர் ஒரு பாசுரத்திலும் உபதேசிக்கவில்லை.

இந்த வேறுபாடு சிறியதன்று. மனைவியைத் துன்புறுத்தும் கணவனுக்கோ, குடிகளை வருத்தும் அரசனுக்கோ இத்திருமொழி ஆதரவாகாது. அவர்கள் இங்கே புகழப்படவில்லை. எவ்வளவு கடுமையிலும் அறாத பற்றைக் காட்டுவதற்கு மட்டும் அவ்வுவமைகள் வந்தன. அதுபோலவே, நோயில் கிடப்பவனிடம் சென்று வைத்தியன் உவமையைச் சொல்லிவிட்டு வருவது இப்பாசுரத்தின் பயன் ஆகாது. வைத்தியனுடைய நன்மையைச் சொல்லும் உரிமை, கத்தியின் கீழே கிடக்கும் நோயாளிக்கு உண்டு. அருகே நிற்பவனுக்கு உள்ள கடமை வேறு.

அக்கடமை என்ன என்பதைக் கூரத்தாழ்வானுடைய சரித்திரம் காட்டுகிறது.

கூரத்தாழ்வானின் அனுஷ்டானம்

காஞ்சிக்கு அருகேயுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் இருந்து, அனைத்தையும் துறந்து எம்பெருமானாருடைய திருவடியை ஆச்ரயித்தவர் ஆழ்வான். திருவரங்கத்தில் பிக்ஷை எடுத்தே வாழ்ந்தார். ஒரு நாள் விடாமழை. பிக்ஷைக்குப் போக இயலவில்லை. அகத்தில் உண்ண ஒன்றும் இல்லை. இரவில் கோயிலின் மணியோசை கேட்டபோது, தேவிகளான ஆண்டாள், உன் அடியார் பட்டினியிருக்க நீ அமுது செய்கிறாயோ என்று திருவுள்ளத்தில் நினைத்தார். நம்பெருமாள் உத்தம நம்பிக்கு நியமித்து, ப்ரஸாதத்தை அவர்கள் திருமாளிகைக்கே அனுப்பினார். ஆழ்வான் வியந்து, நீ ஏதேனும் நினைத்தாயோ என்று தேவிகளைக் கேட்டு அறிந்தார். தமக்கென ஒன்றும் கேளாதவர் அவர். ஆயினும் ஆண்டாளுடைய அந்த முறையீட்டை எம்பெருமான் தள்ளவில்லை. அந்த ப்ரஸாதத்தின் பலனாகவே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர் என்பது குருபரம்பரையின் செய்தி. நம்பெருமாளுடைய க்ருபை அன்று உத்தம நம்பியின் கைகளில் வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டும்.

பின்னர் சோழ அரசனால் பெருந்துன்பம் நேர்ந்தது. அரசனுடைய மதத்துக்கு இசைந்து கையெழுத்திடவேண்டும் என்ற கட்டளை பிறந்தது. எம்பெருமானாரும் கூரத்தாழ்வானும் இசையாமல் மற்றவர் இசைந்து என்ன பயன் என்று நாலூரான் அரசனைத் தூண்டினான். ஆசார்யனைக் காக்க, ஆழ்வான் அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் ஏற்றுக்கொண்டு அரசவைக்குச் சென்றார். பெரிய நம்பியும் உடன் சென்றார். எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். அரசவையில் ஆழ்வான் இசையவில்லை. ஆழ்வானும் பெரிய நம்பியும் கண்களை இழந்தனர். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார்.

ஆழ்வான் திருவரங்கம் வந்து பெருமாளை ஸேவிக்கச் சென்றபோது, எம்பெருமானாருடைய ஸம்பந்தம் உடையவர்களை உள்ளே விடக்கூடாது என்று காவலர் தடுத்தனர். அவர்களில் ஒருவர், இவர் யாருக்கும் தீங்கு நினையாத நல்லவர், இவரை விடலாம் என்றார். ஆழ்வான் திரும்பிவிட்டார். தம்முடைய நற்குணமே ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கும் காரணமாகுமேயானால் அப்படிப்பட்ட ஸேவை தமக்கு வேண்டா என்பது அவர் திருவுள்ளம். கண்ணும் போயிற்று, கோயிலும் போயிற்று. பாய்மரத்துப் பறவை சுற்றிப் பறந்த கடல் இதுதான்.

அங்கிருந்து திருமாலிருஞ்சோலைக்குச் சென்று பல்லாண்டு வாழ்ந்தார். கள்ளழகரைப் பாடிய ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது. அதன் முடிவில் அவர் விண்ணப்பம் செய்வது தம் கண்ணைப் பற்றி அன்று. திருவரங்கம் முன்போல் செழிக்கவேண்டும், எம்பெருமானாரோடு அங்கே கூடி வாழவேண்டும் என்பதே. மருத்துவனுடைய கையில் உள்ள பற்று குறையாத நோயாளியை இங்கே நேரில் காண்கிறோம்.

ஆசார்யனுடைய கலக்கமும் ஆழ்வானுடைய விண்ணப்பமும்

அரசன் மாண்டபின் எம்பெருமானார் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானைக் கண்டு தழுவிக்கொண்டு கலங்கினார். ஆழ்வானோ, எப்போதேனும் ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண்காப்பு கோணலாயிருக்கிறது என்று நினைத்திருப்பேன், அந்த அபராதத்தின் பலன் இது என்றார். தம் துன்பத்துக்குக் காரணம் தேடியபோது தம்மிடத்திலேயே தேடினார். அரசனையும் சொல்லவில்லை, எம்பெருமானையும் சொல்லவில்லை.

இங்கே எம்பெருமானார் செய்தது நமக்குப் பாடம். ஆம், உம்முடைய வினை என்று அவர் சொல்லவில்லை. எல்லாம் அவன் செயல், பொறுத்திரும் என்றும் விட்டுவிடவில்லை. ஆழ்வானை அழைத்துக்கொண்டு காஞ்சிக்கு எழுந்தருளினார். வேண்டுவார்க்கு வேண்டும் வரம் அளிக்கும் பேரருளாளனைப் பாடிக் கண்ணைக் கேளும் என்று நியமித்தார். துன்புற்றவர் பொறுத்தார், அருகே இருந்தவர் பரிஹாரம் தேடினார். இரண்டும் ஒரே விச்வாஸத்தின் இரு முகங்கள்.

ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தைப் பாடினார். வரதன் உகந்தான். என்ன வேண்டும் என்று கேட்டருளியபோது, நான் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று விண்ணப்பித்தார் ஆழ்வான். வரதனும் இசைந்தான். கண்ணைக் கேட்கச் சென்றவர், தம் கண்ணிழப்புக்குக் காரணமானவனுடைய மோக்ஷத்தைக் கேட்டார்.

இது எங்கிருந்து வந்தது? எம்பெருமானுடைய நன்மையில் ஐயம் இருந்தால் இப்படிக் கேட்க இயலாது. அவன் தனக்குத் தீமை செய்துவிட்டான் என்ற எண்ணம் சிறிதேனும் உள்ளே இருந்தால், அது வெளியே வரும்போது பகையாகத்தான் வரும். தான் ஒன்றையும் இழக்கவில்லை என்ற தெளிவு உடையவனே, இழக்கச் செய்தவனுக்கும் நன்மை வேண்டுவான். பிறரிடத்தில் காட்டும் நன்மையே உள்ளே இருக்கும் விச்வாஸத்துக்குச் சான்று.

விச்வாஸமும் ஆநுகூல்யமும்

சரணாகதியோடு சேர்த்து ஆறு சொல்லப்படுகின்றன: ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜனம், மஹாவிச்வாஸம், கோப்த்ருத்வ வரணம், ஆத்மநிக்ஷேபம், கார்ப்பண்யம். இவற்றில் மஹாவிச்வாஸம், அவன் காப்பான் என்ற அசையாத உறுதி. ஆநுகூல்ய ஸங்கல்பத்தை லக்ஷ்மீ தந்த்ரம் எல்லா உயிர்களிடத்திலும் அனுகூலமாய் இருத்தல் என்று விளக்குகிறது. எல்லா உயிரும் அவனுக்குச் சரீரமாதலால், அவனுக்கு அனுகூலன் என்பவன் அவற்றுக்குப் ப்ரதிகூலனாய் இருக்க இயலாது. ஆக, எம்பெருமானை நம்புதலும் பிறர்க்கு நன்மையனாயிருத்தலும் ஒன்றாகவே எண்ணப்பட்டவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடலாகாது.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதை இன்னும் நுட்பமாக்கினார். நமக்குக் குற்றம் செய்தவர் விஷயத்தில் ஐந்து நிகழவேண்டும் என்கிறார்: பொறை, க்ருபை, சிரிப்பு, உகப்பு, உபகார நினைவு. பதிலுக்குத் தீங்கு செய்யாமை பொறை. நாம் பொறுத்தாலும் எம்பெருமான் பொறானே, இவருக்கு என்ன நேருமோ என்று இரங்குவது க்ருபை. அழியக்கூடிய பொருள்களைப் பறித்துவிட்டு நம்மையே கெடுத்துவிட்டதாக எண்ணுகிறாரே என்பது சிரிப்பு. நமக்கு விரோதியான உடல்பற்றுக்கன்றோ இழப்பு நேர்ந்தது என்பது உகப்பு. நம் குற்றங்களை நாம் அறியும்படி செய்தாரே என்பது உபகார நினைவு. ஆழ்வான் வரதன் திருமுன்பே செய்த விண்ணப்பத்தில் இவ்வைந்தும் கூடியிருப்பதைக் காணலாம்.

நமக்குக் கொள்ளத்தக்கவை

நாம் ஆழ்வானுடைய நிலையை எட்டியவர் அல்லோம். ஆயினும் அவர் சென்ற திசையில் ஓர் அடி வைக்கலாம்.

முதலாவது, துயரம் நம்முடையதாய் இருக்கும்போது. வேலை போயிற்று, நோய் வந்தது, அந்நிய தேசத்தில் தனியே இருக்கிறோம் என்ற நிலையில் வித்துவக்கோட்டுத் திருமொழியை அனுஸந்திக்கலாம். அழலாம், குழந்தை அழுகிறது. முயலலாம், பறவை நாற்றிசையும் பறந்தது. வைத்தியம் செய்துகொள்வதும் உதவி கேட்பதும் விச்வாஸக் குறைவு அல்ல. எல்லாம் செய்தபின்னும் முகம் திரும்பும் திசை ஒன்றாய் இருந்தால் போதும்.

இரண்டாவது, துயரம் மற்றொருவருடையதாய் இருக்கும்போது. அப்போது வினைப்பயனைப் பற்றிப் பேசுவது நம் வேலை அன்று. எம்பெருமானார் கலங்கினார், நாமும் கலங்கலாம். உத்தம நம்பி ப்ரஸாதத்தைச் சுமந்து சென்றார். நாமும் ஏதேனும் ஒன்றைச் சுமந்து செல்லலாம். நோயாளியின் அகத்துக்கு இரண்டு வேளை தளிகை, மருத்துவமனையில் ஓர் இரவுத் துணை, வேலையிழந்த அடியாருக்கு ஒரு மாத வாடகை, கண் மங்கிய முதியவருக்கு நாள்தோறும் பத்துப் பாசுரங்களைப் படித்துக் காட்டுதல். எம்பெருமான் நல்லவன் என்று துன்புறுகிறவர் நம்பவேண்டுமென்றால், அவனுடைய நன்மை யாருடைய கையிலாவது ஏறி அவருடைய வாசலுக்கு வரவேண்டும்.

மூன்றாவது, துயரத்தைச் செய்தவர் முன்னே நிற்கும்போது. இதுவே கடினம். அவருக்கு மோக்ஷம் வேண்டும் அளவுக்கு நம் உள்ளம் விரியாமல் இருக்கலாம். அவருக்குத் தீங்கு நேரவேண்டும் என்ற எண்ணத்தை மட்டுமாவது பெருமாள் திருமுன்பே விட்டுவிடலாம். அநீதியைத் தடுக்கவேண்டிய இடத்தில் தடுத்தே ஆகவேண்டும். ஆழ்வானும் அரசவையில் இசையவில்லையே. தடுப்பது வேறு, பகைப்பது வேறு.

ஆழ்வான் பின்னர் நம்பெருமாளிடம் பரமபதத்தை வேண்டிப் பெற்றார். அவருடைய ஸம்பந்தம் உடையவர் அனைவர்க்கும் அப்பேறு உண்டு என்று பெருமாள் அருளியதாகக் கேட்டபோது, எம்பெருமானார் தம் காஷாயத்தை மேலே எறிந்து மகிழ்ந்தார் என்பர். ஆழ்வானுடைய ஸம்பந்தத்தால் தமக்கும் பேறு உறுதி என்று. ஒருவருடைய விச்வாஸம் தம்மோடு நில்லாமல் சுற்றியுள்ளார் அனைவரையும் கரையேற்றும் என்பதற்கு இதற்குமேல் ப்ரமாணம் வேண்டா.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்
கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்

அடியேன் ராமாநுஜ தாஸன்